ஒட்டுப் போட்ட மூட்டைகள்

மே 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. எந்த அண்ணி என்று கேட்காதே, உனக்கு இருப்பது ஒருத்திதான். போனில் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும், மீதியில் என்ன எழுதியிருக்கிறாள் என்று உனக்கு அரிக்கும், எடுத்துப் படித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் உன் அண்ணன். கொட்டகைக் கூரையைச் சரி செய்கிறேன் என்று ஏறினார். இறங்கும்போது ஏணி ஒரு பக்கம் போனது, இவர் ஒரு பக்கம் போனார். வலது காலில் மாவுக்கட்டு. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியை நீட்டி நீட்டி எல்லோரையும் வேலை வாங்குகிறார்.

அடுத்தது கோதுமை. விதைத்தபோது மண்ணில் ஈரம் இருந்தது, பயிரும் நன்றாகத்தான் கிளம்பியது. கதிர் வெளியே வந்ததும் வானம் கையை விரித்துவிட்டது. மணியில் பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. கிணற்றில் கிடந்த தண்ணீர் ஒரு வயலுக்குத்தான் காணும். நான் கிணற்றடி வயலுக்குப் பாய்ச்சினேன். மேட்டு வயல் கண்ணில் படக்கூடாது என்று சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

கிணற்றடி கோதுமை கொழுகொழுவென்று வந்திருக்கிறது. மேட்டு வயல் கோதுமை சுருங்கி, ஒல்லியாக, வயிறு ஒட்டிப்போய் இருக்கிறது. வழக்கமாக வருகிற மூட்டைகளில் பாதிகூடத் தேறவில்லை. வியாபாரி ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, "கோழிக்குப் போடுங்கம்மா. கோழி கேள்வி கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செங்கல் சூளைக்காரர் தினமும் சாயங்காலம் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார். மேட்டு வயல் மண் அவருக்கு வேண்டுமாம். "நல்ல களிமண்ணுங்க, கோதுமைக்கு வீணாப் போகுது" என்கிறார். ஒரு ஆள் ஆழத்துக்கு வெட்டி எடுத்தால் அதன் பிறகு அங்கே புல்கூட முளைக்காது. உன் அண்ணன் முதலில் "ம்ஹூம்" என்றார். அப்புறம் "பாக்கலாம்" என்றார். இப்போது வெறும் "ம்" என்கிறார். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அந்த வயலில் உன் பங்கும் இருக்கிறது, அதனால் நீ என் வாயால் கேட்பதுதான் சரி.

உன் பேக்கரிக்குக் கிணற்றடி கோதுமையை எடுத்துக்கொள்வாயா? தயவு கேட்கவில்லை, வியாபாரம் கேட்கிறேன். அது நல்ல இடத்துக்குப் போனால் இந்த வருடத்தை எப்படியாவது தள்ளிவிடலாம், மண்ணை விற்க வேண்டாம்.

பழைய கதையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீயும் எழுதாதே.

இப்படிக்கு,
அண்ணி


மே 13

அண்ணிக்கு,

எழுதாதே என்று சொன்னால் எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? நாலு வருடத்துக்கு முன்னால், என் கடை அடுப்பில் முதன்முதலாக வெந்த ரொட்டியை ஆசையாகக் கொண்டு வந்தேன். வீடு நிறைய ஆட்கள். நீங்கள் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில வச்சா வண்டி நகராது" என்றீர்கள். கூடத்தில் ஒருத்தர் விடாமல் சிரித்தார்கள். எல்லோரையும் விட அதிகம் சிரித்தவன் என் அண்ணன். இதை எழுதியாயிற்று, இனி வியாபாரம்.

எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் தேவை இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளுக்குக் காலையில் கொடுக்கும் ரொட்டியை இந்த வருடம் யாரிடம் வாங்குவது என்று ஜூன் பத்தாம் தேதி ருசி பார்த்து முடிவு செய்கிறார்கள். போட்டியில் நானும் பெரிய ரோட்டு பேக்கரிக்காரரும். அவரிடம் வேன் இருக்கிறது, என்னிடம் சைக்கிள். அவரிடம் இல்லாத நல்ல மாவாவது என்னிடம் இருக்க வேண்டும். வறட்சி உங்கள் வயலோடு நின்றுவிடவில்லை. கடையில் வாங்கும் மாவு வாரத்துக்கு ஒரு குணம் காட்டுகிறது. ஒரு வாரம் பொங்குகிறது, ஒரு வாரம் படுத்துவிடுகிறது. சொந்த வயல் கோதுமையைப் பக்கத்துத் தெரு மில்லில் அரைத்துக்கொண்டால் என்ன வருகிறது என்று எனக்கே தெரியும். உடனே லாரியில் ஏற்றுங்கள்.

மேட்டு வயலைப் பற்றி. அதன் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. அதில் களை பிடுங்கின முதுகு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் என் பங்கையும் சேர்த்து அண்ணன் சூளைக்காரருக்குத் தலையாட்டக் கூடாது. ஜூன் நடு வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வேலை கிடைத்தால் வருடம் முழுக்க உங்களிடமே கோதுமை எடுப்பேன். அப்போது பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அண்ணன் உங்களிடம் பேசும்போது என்னைச் சுண்டெலி என்று சொல்வதாகக் கேள்வி. தானியத் தொட்டிக்குள் புகுந்து தூங்கினதால் சின்ன வயதில் வந்த பேர் அது. அந்த உரிமை அவனுக்கு மட்டும்தான்.

இப்படிக்கு,
நாத்தனார்


மே 29

அண்ணிக்கு,

இதோடு வரும் பார்சலில் இருப்பவை செங்கல் இல்லை, ரொட்டி. நீங்கள் அனுப்பிய கோதுமையில் செய்தவை. இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். மற்றதைச் சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மில்காரர் என்னை நடுத்தெருவில் வைத்துக் கேலி செய்தார். "என்னம்மா, மூட்டைக்குள்ள தோலுதான் இருக்கு. மாவு லீவுல போயிருச்சா?" என்றார். வந்த கொஞ்சம் மாவைப் பிசைந்தால் அது என்னோடு சண்டைக்கு வருகிறது. இழுத்தால் நீளாமல் அறுகிறது, உருட்டி வைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. அடுப்பில் வைத்ததும் மேலே வெடித்தது, உள்ளே ஒரு துளை இல்லை. கத்தி வளைந்துவிட்டது. இது கிணற்றடி கோதுமையா? வியாபாரி கோழிக்குப் போடச் சொன்ன கோதுமையை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

எனக்கு எது வலிக்கிறது தெரியுமா? லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கியபோது ஒவ்வொன்றிலும் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது. எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார். சந்தையில் திருடுகிறவன் புது மூட்டையில்தான் கை வைப்பான் என்று, நல்ல கோதுமையைக் கிழிந்த மூட்டையில் கட்டுவார். ஒட்டு எவ்வளவு அதிகமோ உள்ளே இருப்பது அவ்வளவு உசத்தி. அதைப் பார்த்ததும் அண்ணி பழசை மறந்துவிட்டார், வீட்டின் முதல் தரத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிடிகூட அள்ளிப் பார்க்கவில்லை. நேராக மில்லுக்கு அனுப்பினேன். இப்போது கடையில் இருப்பது இந்த மாவு மட்டும்தான், ஜூன் பத்து வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஏமாந்த நாத்தனார்


ஜூன் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. பிறகு கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு நீ திட்டலாம்.

ஒட்டுப் போட்ட மூட்டையில் உசத்திக் கோதுமை என்பது உங்கள் குடும்பத்துக் கணக்கு. நான் வேறு வீட்டிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் நல்லதை நல்ல மூட்டையிலும் மட்டத்தைக் கிழிசல் மூட்டையிலும் போடுவோம், உலகத்தில் எல்லோரும் செய்வது போல. அப்படித்தான் இந்த வருடமும் கட்டி வைத்தேன். லாரி வந்த அன்று அறுவடை மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. "நல்ல மூட்டைங்கள ஏத்திவிடுங்க" என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே கைத்தடியை நீட்டி, ஒட்டுப் போட்டதாகப் பொறுக்கிப் பொறுக்கி ஏற்றியிருக்கிறார். கேட்டால், "நல்லதைத்தானே ஏத்தச் சொன்ன?" என்கிறார். அனுப்பிய அண்ணனுக்கும் மூட்டையைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை, வாங்கிய தங்கைக்கும் தோன்றவில்லை. நடுவில் திட்டு வாங்குகிறவள் நான்.

இன்னும் கேள். புது மூட்டைகளில் இருப்பது மட்டம் என்று நினைத்து, உன் அண்ணன் இத்தனை நாளும் கிணற்றடி கோதுமையைக் கோழிக்கு வீசியிருக்கிறார். கோழிகள் ஏன் என்னை இவ்வளவு மரியாதையாகப் பார்க்கின்றன என்று இப்போதுதான் புரிந்தது. இன்றிலிருந்து அவற்றுக்கு மேட்டு வயல் கோதுமை.

நல்ல மூட்டைகளை உடனே அனுப்பலாம் என்றால் லாரிக்காரர் வேறு பக்கம் லோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பத்தாம் தேதிக்கு முன்னால் திரும்ப மாட்டாராம். நானும் கேட்காத ஆள் இல்லை. உன் முக்கியமான நாள் எங்களால் கெட்டுப்போகிறது. இதைச் சிரிக்காமல்தான் எழுதுகிறேன்.

பார்சல் வந்தது. சாப்பிடச் சொன்ன ரொட்டியைச் சுத்தியலால் உடைத்துச் சூப்பில் போட்டேன். சூப்பு காணாமல் போய்விட்டது. இன்னும் ஊற்றினேன், அதுவும் போய்விட்டது. உன் அண்ணன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியே நம்ம மேட்டு வயல்தான். எவ்வளவு ஊத்தினாலும் போதும்னு சொல்லாது" என்றார். மற்ற ரொட்டியை நீ சொன்னபடியே டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். வண்டி நகரவில்லை. நான் அன்றைக்குச் சொன்னது சும்மா இல்லை.

சூளைக்காரர் அந்த ரொட்டியைக் குனிந்து தட்டிப் பார்த்து, "நல்லா வெந்திருக்கு, எந்தச் சூளை?" என்று கேட்டார். அவருக்குப் பதினைந்தாம் தேதி முடிவு சொல்வதாக உன் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தக் கோதுமையை வைத்துக்கொண்டு நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்?

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 7

அண்ணிக்கு,

மேட்டு வயல் கோதுமையைக் கோழிகளுக்குப் போடுவதை உடனே நிறுத்தவும். காரணம் பிறகு எழுதுகிறேன். இப்போது முழங்கை வரை மாவு.

நாத்தனார்


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கை கழுவிவிட்டேன். உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கடையில் நசுங்கிப்போன ஒரு அலுமினியக் குவளை இருக்கிறது. கடை திறந்ததிலிருந்து மாவுக்குத் தண்ணீர் அதில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவேன், அளவு பிசகாது. அது எனக்குப் பெரிய பெருமை. உங்கள் சூப்புக் கதையைப் படித்ததும் எரிச்சலாக வந்தது. நான் அழாத குறையாக எழுதினால் இவர்கள் சாப்பிட்ட கதை எழுதுகிறார்களே என்று. மறுநாள் காலையில் மாவுத் தொட்டி முன்னால் நின்றபோது அது மறுபடி ஞாபகம் வந்தது. வெந்த பிறகே இவ்வளவு குடிக்கிறது என்றால், பச்சை மாவாக இருந்தபோது எவ்வளவு தாகத்தோடு இருந்திருக்கும்? நான் வழக்கமான குவளையை ஊற்றிவிட்டு, ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

கூட அரைக் குவளை ஊற்றினேன். குடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதுவும் போய்விட்டது. பிறகு கையெல்லாம் ஒட்டி, கரண்டியால் வழித்தெடுக்க வேண்டியதாகிவிட்டது. இதையும் கெடுத்துவிட்டேன் என்று வெறுத்துப்போய், ஈரத்துணி போட்டு மூடிவிட்டு மில்காரரிடம் சண்டை போடப் போனேன். அவருக்கும் அன்று வேலை குறைவு, சண்டை நீண்டுவிட்டது. கடைசியில் அவர் கல் மேடையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "பால் பிடிக்கிறப்ப தண்ணி இல்லன்னா மணி ரொம்பாதும்மா. மாவு கம்மியாத்தான் சேரும். ஆனா மாவை இழுத்துப் பிடிக்கிற பசை முன்னாடியே சேந்திருக்கும், அது அப்படியே நிக்கும். கொஞ்ச மாவுக்கு நிறையப் பசை. அதான் முரண்டு பிடிக்குது."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க? திட்டத்தான் செஞ்சீங்க."

திரும்பி வந்து துணியை எடுத்தால், முறைத்துக்கொண்டிருந்த மாவு இளகிக் கிடக்கிறது. ஒரு உருண்டையை இழுத்தேன். நீண்டுகொண்டே போனது. மெல்லிசாகி அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது, அப்போதும் அறுந்துபோகவில்லை. அப்போதுதான் உங்களுக்கு அந்த நாலு வரிக் கடிதத்தை எழுதிப் போட்டேன். மறுநாள் அடுப்பில் ரொட்டி எழும்பி மேல் தட்டில் இடித்துவிட்டது. தட்டையே கழற்ற வேண்டியதாகிவிட்டது. நான் தனியாக நின்று சிரித்தேன், அண்ணி. கொஞ்சம் அழுகையும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று ருசி பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எதற்கும் அவசரப்படுகிற ஆள் இல்லை. பெரிய ரோட்டுக்காரரின் ரொட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. என் ரொட்டியை அழுத்தினார். பள்ளம் மெல்ல எழும்பி மறைந்தது. ஒரு துண்டை மென்று முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத ஒரு துண்டு சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் தாங்கும். ஆனா பல்லு இல்லாதவங்க என்ன செய்வாங்க?" என்றார். அதனால் பாதிதான் எனக்கு. வயதானவர்கள் இருக்கும் கீழ் மாடிக்குப் பெரிய ரோட்டுக்காரரின் மெத்து ரொட்டி, மேல் மாடிக்கு என்னுடையது. பாதியே எனக்குப் போதும். முழுசாகக் கொடுத்திருந்தால் சைக்கிள் தாங்காது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மூட்டைக்கு வரும் மாவு குறைவுதான், மில்காரர் பொய் சொல்லவில்லை. மேட்டு வயல் கோதுமையை மட்டும் வைத்துக்கொண்டு வருடத்தை ஓட்ட முடியாது. கிணற்றடி கோதுமையும் வேண்டும். இரண்டையும் கலந்து அரைத்தால் ஒன்று அளவைக் கொடுக்கும், மற்றது வலுவைக் கொடுக்கும். அடுத்த வருடம் மழை பெய்து மேட்டு வயலிலும் கொழுத்த மணி வந்தால், நான் குவளையை மாற்றிக்கொள்கிறேன். இனி கண்ணைத் திறந்துதான் ஊற்றுவேன்.

ஆகையால் இரண்டு வயலும் வேண்டும். என் பங்கு மண் எனக்கு வேண்டும், ஒரு கூடைகூடக் கொடுக்க மாட்டேன் என்று சூளைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பாசத்தால் சொல்லவில்லை, முதுகு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

பார்சலில் ஒரு ரொட்டி. இதற்குச் சுத்தியல் தேவைப்படாது.

அன்புடன்,
நாத்தனார்


ஜூன் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதமும் ரொட்டியும் நேற்று மத்தியானம்தான் வந்தன. சூளைக்காரர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஜன்னல் தெரிந்த இடம் வந்ததும், "அந்த வரிய இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். மாவுக்கட்டுக் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, ரொட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் மறைந்ததும் இன்னொரு இடத்தில் அழுத்தினார். சாப்பிடுகிற பொருள் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

சூளைக்காரர் வந்து மொபெட்டை நிறுத்தினார். அளக்கிற டேப்போடு வந்திருந்தார். உன் அண்ணன் "ம்" சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். தேநீரைத் தட்டோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மண்ண மறந்துடுங்க. அது இனி ஒரு ஆஸ்பத்திரியோட காலைச் சாப்பாடு" என்றார் உன் அண்ணன்.

சூளைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார். "இது அந்த வியாபாரி ஊதிப் பாத்த கோதுமையா?" என்றார். "அதேதான்" என்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், மறைக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் மழை வந்தது. கோதுமைக்கு எப்போது தேவைப்பட்டதோ அப்போதெல்லாம் வராமல், எல்லாம் முடிந்து மூட்டை கட்டின பிறகு வந்து கொட்டியது. நன்றாகத் திட்டினேன். ஆனாலும் கிணறு நிறையட்டும் என்று மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் உன் பழைய ரொட்டி இருந்தது. அது மழையைக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெத்தென்று ஆகிப் படுத்துவிட்டது. டிரெய்லர் அவசரமே இல்லாமல் நகர்ந்து, முற்றத்துச் சரிவில் இறங்கி, சூளைக்காரருடைய மொபெட்டை மெல்லச் சாய்த்துவிட்டு நின்றது. கண்ணாடிகூட உடையவில்லை. உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். சூளைக்காரர் மொபெட்டை நிமிர்த்திவிட்டு, "சரி சரி, மண்ணு வேணாம். அந்த ரொட்டி எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மழை விட்டதும் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். மேட்டு வயலின் அறுத்த தாள்களுக்கு நடுவில் தண்ணீர் நிற்கிறது.

கோழிகளுக்கு என் மேல் இப்போது மரியாதை இல்லை. இரண்டு வயல் கோதுமையும் உனக்குத்தான் என்று அவற்றிடம் சொல்லியாயிற்று.

அன்றைக்கு உன் ரொட்டியைப் பற்றிச் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்த ரொட்டி அப்படித்தான் இருந்தது. ஆனால் அதை அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். நேற்று வந்த ரொட்டியில் கடைசித் துண்டை உன் அண்ணனுக்குத் தெரியாமல் நான் சாப்பிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே.

லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். எந்த மூட்டைகளை ஏற்றட்டும்?

அன்புடன்,
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

எதையும் ஏற்ற வேண்டாம். அண்ணனின் கைத்தடியைப் பிடுங்கி வையுங்கள். கடையை இரண்டு நாள் மில்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். ஒட்டு மூட்டை, புது மூட்டை, ஒன்று விடாமல் திறந்து, கையை விட்டு அள்ளிப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுவேன். ராத்திரி தங்குவேன். களை பிடுங்கச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

நாலு ரொட்டி கொண்டு வருகிறேன். நாலும் சாப்பிடுவதற்கு. சக்கரத்துக்கு ஒரு நல்ல கல்லாகப் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
சுண்டெலி